எதிர்ப்பக்கத்துக் கோடு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பீலெஃபெல்ட் வாயைக் கட்டிக்கொள்ளும். கடைகள் பூட்டு. தெருவில் ஆள் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் இழுத்துவிட்ட யன்னல் திரைகளைத் திங்கட்கிழமைதான் திறப்பார்களோ என்று தோன்றும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஒரு தையல் மெஷின் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தொழிலாளர் விடுதியில் இரண்டு கட்டில் போட்ட அறை. மற்றக் கட்டில்காரன் யாழ்ப்பாணத்து ஆள்தான், என்னைவிட ஆறேழு வயது இளையவன். ஆனால் அவனுக்குப் பாண் சுடும் ஆலையில் இரவு வேலை. நான் வேலை முடிந்து வரும்போது அவன் புறப்படுவான். நான் புறப்படும்போது அவன் வந்து விழுவான். ஞாயிறு பகல் முழுக்கப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குறட்டை. எனக்குத் தெரிந்து அந்த ஊரில் இருந்த ஒரேயொரு தமிழ் வாய் அது. அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

நானோ பேச்சுப் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். மிச்சமெல்லாம் கப்பலிலும் துறைமுகங்களிலும் அடுத்தவர் வாயைப் பார்த்துப் பொறுக்கியது. டொச்சு என்கிற ஜெர்மன் மொழியும் அப்படித்தான். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் கொப்பியில் எழுதி வைத்துவிடுவேன். அந்த ஊரில் கொப்பி நிரம்பவே மாட்டேன் என்றது. அந்தப் பகுதி வெஸ்ட்பாலியாக்காரர்கள் காசைவிடச் சொல்லைச் சிக்கனமாகப் பிடிப்பவர்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம், புரட்டாசிக் கடைசியாக இருக்கவேண்டும், அறையில் இருக்க ஏலாமல் வெளியே நடந்தேன். எங்கேயோ விசில் சத்தம் கேட்டது. விசில் என்றால் அங்கே யாரோ யாரோடோ சண்டை பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். சத்தம் வந்த திசையிலேயே போனேன். தண்டவாளத்தைக் கடந்து, ஆட்கள் மரக்கறி வைக்கும் சின்னச் சின்னத் தோட்டங்களைத் தாண்டினால் ஒரு மைதானம். புல் இல்லை. சிவப்புச் சாம்பலும் கல்பொடியும் கொட்டி உருட்டிய தரை. விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். இரண்டு பக்கமும் பதினொரு பேர், ஒரு ஓரம் நெடுக ஒரு இரும்புக் கம்பி, கம்பியில் சாய்ந்துகொண்டு ஒரு அறுபது எழுபது பேர். உதைபந்தாட்டத்தில் அந்த நாட்டில் எத்தனை படி இருக்கிறதோ, அதில் அடியிலிருந்து இரண்டாவது படியில் இருந்த ஒரு கழகம் அது.

வாசலில் ரிக்கற் கிழிப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வழி தவறிட்டியோ?"

"இல்லை, ஆட்டம் பாக்க."

"அப்ப வழி தவறித்தான் வந்திருக்கிறாய்," என்றார் அவர், சிரிக்காமல்.

அவர்கள் டொச்சில் பேசியதை என் வாயில் வருகிற தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

மூன்று ஞாயிறுகள் கம்பியோரம் நின்றேன். யாரும் என்னோடு பேசவில்லை. யாரும் என்னைத் துரத்தவுமில்லை. அங்கே சூப்பு விற்கும் ஒரு அம்மா இருந்தார். பட்டாணிச் சூப்பு, பெரிய பானையில். நான் மனதுக்குள் அவரை அக்கா என்றே வைத்துக்கொண்டேன். கிண்ணத்தை நீட்டும்போது எல்லோருக்கும் ஒன்றையே சொல்வார்: "முதல்ல குடி, பிறகு யோசி." கொப்பியில் முதல் வரி அதுதான்.

நாலாவது ஞாயிறு கழகத்தின் கோட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்தப் படியில் நடுவர் ஒருவர்தான் வெளியிலிருந்து வருவார். இரண்டு பக்கக் கோட்டிலும் கொடி பிடிக்க இரண்டு கழகங்களும் ஆளுக்கொருவரைக் கொடுக்க வேண்டும். பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்குவதும், எந்தப் பக்கத்து எறிதல் என்று காட்டுவதும்தான் வேலை. தலைவர் கம்பி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்தார். இறைச்சிக்கடை வைத்திருந்தவர், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத மனுசன். ஒவ்வொருவராய்த் தாண்டி என் முன்னால் வந்து நின்றார்.

"நீ. கொடி பிடிப்பியா?"

ஓம் என்று கையை நீட்டினேன். ஊரில் நான் பார்த்த ஆட்டங்களில் நடுவுக்கு எப்போதும் பிற ஊர்க்காரனைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த ஊர்க்காரன் கொடி பிடித்தால் ஆட்டம் முடியமுன் தலை உடையும். யாருக்கும் உறவில்லாதவன், யாருடைய சோற்றையும் சாப்பிடாதவன்தான் கோட்டுக்கு ஆள். அந்நியன் என்றபடியால்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்போடு அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடினேன். கம்பியில் நின்ற மற்ற எல்லோருடைய கையிலும் பியர்ப் போத்தல் இருந்தது, என் கை மட்டும்தான் வெறுமையாக இருந்தது என்பது எனக்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

கொடி கைக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. ரிக்கற் கிழிப்பவர் என்னிடம் ரிக்கற் கேட்பதை விட்டார். "இண்டைக்கும் உயிரோட வந்திட்டியா?" என்று கேட்பார். அணித்தலைவன் கூரை வேய்கிற தொழில்காரன், தாடைவரைக்கும் மீசை. கழகம் பட்டியலில் அடியில் கிடந்தது. கடைசி இரண்டு கழகங்களும் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும். எப்படி இருக்கு நிலைமை என்று யாரும் கேட்டால், "கூரையிலதான் நிக்கிறன். இன்னும் விழேல்லை," என்பான். தோற்றுவிட்டு வரும்போது தலைவர் சொல்வார்: "பந்து இண்டைக்கு எங்களோட கோவம்." நான் எல்லாவற்றையும் எழுதினேன். கொடி என் கையில் இருக்கும்வரைக்கும் ஏழு நாளில் ஒருநாளாவது யாராவது என்னைப் பார்த்து ஒரு சொல்லைச் சொல்வார்கள். அது இல்லையென்றால் திரும்ப யன்னல் திரையும் குறட்டையும்தான். நான் பயந்தது அதற்கு மட்டும்தான்.

வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நூலகத்தில் விதிப்புத்தகம் எடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் படித்தேன். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. ஒரு மயிரிழை கோட்டின்மேல் இருந்தாலும் உள்ளே. அறைக்காரன் சப்பாத்து மாட்டிக்கொண்டே கேட்டான்:

"அண்ணை, இதென்ன சோதினைக்கோ படிக்கிறியள்?"

"கோட்டு வேலைக்கடா."

"சம்பளம் தருவாங்களோ?"

"சூப்பு தருவினம்."

"சூப்புக்கு ஆராவது சட்டம் படிப்பினமோ? உங்களுக்குக் குளிர் மண்டைக்கை ஏறிட்டுது."

கழகத்தில் வேறு யாரும் அந்தப் புத்தகத்தைத் திறந்ததில்லை என்று எனக்குத் தெரியாது.

சின்னச் சின்ன எறிதல்களில் நான் எங்களுக்கு எதிராகக் கொடி காட்டியிருக்கிறேன். கம்பியோரம் சிரிப்பார்கள். "எங்கட ஆளுக்கு இளகின மனம்!" என்று ஒருவன் கத்துவான். அணித்தலைவன் கண்ணடித்துவிட்டு ஓடுவான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வெளியூரில் ஒரு கழகத்துக் கோட்டுக்காரனைப் பார்த்தேன். அவர்களுடைய காலில் பட்டுப் பந்து வெளியே போனால் உடனே குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவான். அரைமணி நேரத்தில் ஏழு தரம் கட்டினான். சீ, இப்படியும் ஒரு ஆளா என்று நினைத்தேன். அந்த ஊரிலும் அயலூரிலும் அதுதான் வழக்கம், நான்தான் விலக்கு என்பது என் புத்தியில் ஏறவேயில்லை.

அந்த வருடம் எண்ணெய்த் தட்டுப்பாடு. கார்த்திகைக் கடைசியில் தொடங்கிச் சில ஞாயிறுகளுக்குக் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதில் ஒரு ஞாயிறு எங்களுக்கு அடுத்த கிராமத்தில் ஆட்டம். நடந்தே போனோம், ஆட்டக்காரரும் பார்வையாளரும் ஒன்றாக, கார் பறக்கும் பெருந்தெருவின் நட்ட நடுவால். பனிப்புகார் மூடியிருந்தது. பத்தடிக்கு முன்னால் போகிறவர் தெரியாது. தலைவர் என்னைப் பார்த்து, "நீ முன்னால நட, கொடியை உயத்திப் பிடி, இல்லாட்டி இறைச்சிக்கடைக்காரன் ஒருத்தன் வயலுக்கை காணாமல் போவான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ பாட்டெடுத்தார்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன்; முதுகுப்பக்கம் நாற்பது பேருடைய காலடிச் சத்தம்.

சூப்பு அக்கா என் பக்கத்தில் வந்து நடந்தார். கையில் பானை இல்லாமல் அவரைப் பார்ப்பது புதுமையாக இருந்தது.

"உனக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?"

"அறையில ஒருத்தன் இருக்கிறான். எப்பவும் நித்திரை."

"என்ர மனுசனும் அப்பிடித்தான் இருந்தவர்," என்றார். "இப்ப ஒரேயடியா நித்திரை."

சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். பிறகு அவரே, "நீ ஞாயிறுகளில வாறது நல்லது. பானையைக் கிளறேக்கை எத்தினை பேர் எண்டு எண்ணுவன். உன்னையும் எண்ணிப்போட்டுத்தான் தண்ணி விடுறனான்," என்றார்.

அன்றைக்கு இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். அதைவிட நல்ல நாள் அந்த நாட்டில் எனக்கு அதுவரைக்கும் இருக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் மைதானம் உறைந்துபோய் ஆட்டங்கள் நின்றன. ஐந்து வாரம். தையில் அறைக்காரனும் டுசல்டோர்ஃபுக்குப் போய்விட்டான்; அங்கே அவனுக்குத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். "நீங்களும் வாங்கோ அண்ணை, நாலு பேர் இருந்தால் சமைச்சுச் சாப்பிடலாம்," என்றான். ஆட்டம் பாதியில் நிற்கிறது, வர ஏலாது என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. போன பிறகு அந்தக் குறட்டைகூட இல்லை. ஞாயிறுகளில் மைதானம் வரைக்கும் நடந்து, பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் வாசலில் வேறு காலடிகளும் பனியில் இருந்தன. யாரோ என்னைப்போல வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. காலடிக்குப் பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன், என்னுடையதைவிடப் பெரிது.

மாசியில் ஆட்டம் திரும்பத் தொடங்கியது. பங்குனி முதல் கிழமையில் அந்த ஆட்டம் வந்தது. எதிரணியும் எங்களைப்போல அடியில் கிடந்த கழகம். வென்றால் நாங்கள் கரையேறலாம். சமநிலை என்றால் இரண்டு பேருமே சேற்றில்தான். காலையில் பனி, மத்தியானம் தூறல். சிவப்புச் சாம்பல் கூழாகிவிட்டது. வழமையைவிட இரண்டு மடங்கு சனம். சூப்பு அக்கா இரண்டு பானை வைத்திருந்தார்.

கடைசி நிமிடங்கள் வரைக்கும் யாரும் கோல் போடவில்லை. அப்போது எங்கள் இடதுபக்க ஆட்டக்காரன், தபால்காரன் அவன், தினமும் நடந்து நடந்து காலில் இரும்பு ஏறியவன், பந்தைப் பிடித்துக்கொண்டு என் கோட்டோரமாய் ஓடி வந்தான். நானும் பக்கத்தில் ஓடினேன். சேற்றில் பந்து சறுக்கியது. என் கண் முன்னால், என் சப்பாத்துக்கு ஒரு சாண் தூரத்தில், சுண்ணாம்புக் கோட்டை முழுதாகத் தாண்டி வெளியே வந்தது. தபால்காரன் காலை நீட்டி அதைத் திரும்ப உள்ளே இழுத்து, உயர அடித்தான். அணித்தலைவன் மற்றவர்களுக்கு மேலால் எழும்பித் தலையால் தட்டினான். கோல். கம்பி முழுக்கக் கத்தியது.

என் கை ஏற்கெனவே மேலே இருந்தது. நான் தூக்கியதாக எனக்கு நினைவில்லை. ஒரு மாதம் அகராதி வைத்துப் படித்த கை, தானாகப் போயிருந்தது.

நடுவர் விசிலை ஊதிக்கொண்டு என்னிடம் வந்தார். கத்தல் ஒவ்வொரு வாயாய் அடங்கியது. எனக்கு முதுகுப்பக்கம் கம்பியில் தலைவர் நின்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"கையை இறக்கு."

நடுவர் கேட்டார்: "பந்து வெளியில போனதோ?"

நல்ல மனுசன் அவர். அவசரப்படுத்தவில்லை. எனக்குப் பதில் சொல்ல நேரம் தந்தார். அந்த நேரம்தான் எனக்குக் கூடிவிட்டது. அணித்தலைவன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தான். இல்லை என்று ஒரு சொல். ஒரு சொல்தான். சொன்னால் அடுத்த ஞாயிறும் சூப்புப் பானையில் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் விடுவார்கள். சொல்லாவிட்டால் என்னை நம்பிக் கொடி தந்த இந்தச் சனத்துக்கு நான் என்ன முகத்தைக் காட்டுவது என்றும் ஓடியது. என்னை எதற்கு நம்பினார்கள் என்பதில்தான் நான் முழுக்க முழுக்கப் பிழையாக இருந்தேன்.

"ஓம்," என்றேன். "முழுசா வெளியில."

கோல் இல்லை என்று நடுவர் காட்டினார். ஆட்டம் அப்படியே முடிந்தது.

ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். எங்கள் ஆட்கள் என்றால் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து ஏசி, சட்டையைப் பிடித்து, பொழுதுபடத் தோளில் கைபோட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். ஏச்சு வாங்கவும் மனுசருக்குள் ஒரு இடம் வேண்டும். இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கழக அறைக்குள் போனதும் பேச்சு நின்றது. பிறகு வேறு ஏதோ பேச்சுத் தொடங்கியது. எனக்குக் கைகொடுத்தது ஒரேயொரு ஆள், எதிரணியின் மனேஜர். ஒரு பியரை வாங்கி என் கையில் திணித்து, "நேர்மையான மனுசன் நீர்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதைவிட அவர் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். குடிக்காத நான் அந்தப் போத்தலை வைக்க ஒரு இடம் தெரியாமல் சூடாகும்வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கை கழுவப் போன இடத்தில் தபால்காரன் முழங்காலில் ஒட்டிய சாம்பலைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சொன்னான்:

"வெளியிலதான் போனது. எனக்குத் தெரியும்."

"பிறகென்ன?"

"பிறகென்னவோ? நீ ஏன் பாத்தனி?"

குழாயைப் பூட்டிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து டுசல்டோர்ஃபுக்கு அடித்தேன். அறைக்காரன் முழுக்கதையையும் கேட்டான். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் செய்தது பிழையில்லை. ஆனா அவங்கள் உங்களை நீதவான் வேலைக்கு எடுக்கேல்லை. கொடி பிடிக்கத்தானே எடுத்தவங்கள். உங்களைத்தான் ஏன் கேட்டவங்கள் எண்டு எப்பவாவது கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் கூண்டுக்குள் நின்றபடி அந்த முதல் நாளைத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தபோதுதான் மற்றவர் கைகளில் இருந்த போத்தல்கள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன.

"வாறியளோ இஞ்ச?" என்றான் அவன். "கட்டில் ஒண்டு வாங்கலாம்."

"பாப்பம்," என்றேன்.

அடுத்த ஞாயிறு போனேன். கொடி தலைவருடைய மச்சான் கையில். மற்றக் கையில் போத்தல். ரிக்கற் கிழிப்பவர் ஒன்றும் கேட்காமல் ரிக்கற்றைக் கிழித்து நீட்டினார். வாங்கிக்கொண்டு கம்பியோரம், முதல் மூன்று ஞாயிறும் நின்ற அதே மூலையில் நின்றேன். சூப்பு அக்கா கிண்ணத்தைத் தந்தார். "சூடு, கவனம்," என்றார். அவ்வளவுதான். கிண்ணம் நிறைய இருந்தது. அதை வைத்து எதையும் முடிவுகட்ட ஏலாது, எல்லோருடைய கிண்ணமும் நிறையத்தான் இருக்கும். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. டுசல்டோர்ஃபுக்குப் போகிற ரயிலின் நேரத்தை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு வந்த விருந்தணிக்கு ஆள் குறைவு. காய்ச்சல் வந்து பாதிப்பேர் படுக்கையில். பதினொரு பேரைச் சேர்ப்பதற்கே பட்டபாடு, கோட்டுக்கு ஆள் இல்லை. அவர்களுடைய பொறுப்பாளர் தலைவரிடம் வந்து தலையைச் சொறிந்தார். தலைவர் சனத்தை நெடுகப் பார்த்தார். அவருடைய கண் என்னில் வந்து நின்றது. எனக்கு முகத்தை எங்கே திருப்புவது என்று தெரியவில்லை.

"அந்தா, அவனைக் கொண்டு போங்கோ," என்றார் சத்தமாக. "எங்களுக்கு எதிரா அவனைப்போல ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்."

கம்பி முழுக்கச் சிரித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு என்னைக் குறித்து வந்த முதல் சத்தம். அது குத்தலா, சமாதானமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. நான் விருந்தணியின் கொடியை வாங்கிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போனேன்.

எதிர்ப்பக்கத்தில் கம்பியில்லை, ஆளில்லை. முதுகுக்குப் பின்னால் தோட்டங்களின் வேலி, அதற்கும் பின்னால் தண்டவாளம். எங்கள் சனம் முழுக்க அந்தப் பக்கம், சூப்பின் ஆவியும் அந்தப் பக்கம். பந்து முதல்முறை என் கோட்டைத் தாண்டியபோது விருந்தணியின் காலில் பட்டிருந்தது. எங்கள் பக்கத்துக்குக் கொடி காட்டினேன். மைதானத்தைத் தாண்டித் தலைவருடைய குரல் வந்தது:

"அட, இப்ப மட்டும் எங்களுக்கோ!"

திரும்பவும் சிரிப்பு. தூரத்திலிருந்து கேட்டேன்.

அதன் பிறகு பருவம் முடியும்வரைக்கும், வருகிற கழகத்துக்கு ஆள் குறைந்தால் என்னைத்தான் காட்டுவார்கள். குறையாத நாட்களில் கம்பியில் நின்றேன். வைகாசியில் கழகம் கீழ்ப்படிக்கு இறங்கியது, ஒரேயொரு புள்ளியால். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குச் சிலர் பாடுபட்டது தெரிந்தது. அணித்தலைவன் மட்டும் போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "விழுந்திட்டன். எலும்பு ஒண்டும் முறியேல்லை," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கழக அறையில் கதிரைகளை அடுக்கி முடித்ததும் தலைவர் வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நிலத்தைப் பார்த்தார்.

"ஆவணியில திரும்பத் தொடங்குது. வருவியோ?"

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பகிடி ஏதும் வருகிறதா என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன், இல்லை.

"அந்தப் பக்கம்தான். அங்கதான் எங்கட ஆள் ஒருத்தரும் இல்லை."

"வாறன்," என்றேன்.